காப்பர் டியும் ஊசி மெஷினும்

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கால்மாட்டில் நின்ற டாக்டரம்மா யாரையோ அவசரமாகக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது, இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது என்று என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார்கள். எனக்கு ரத்தம் மிகவும் குறைந்துவிட்டதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அப்போது தள்ளிப் போட்டார்கள். உடம்பு தேறிய பிறகும் நான் போகவில்லை. மறுபடி அந்த மேசையில் படுப்பதை நினைத்தாலே கை கால் சில்லிட்டுப் போனது. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து படுத்தாலும் எனக்குப் பயம்தான்.

மாதனூரிலிருந்து நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் பெண்கள்தான் ஜாஸ்தி. நான் வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவேன். மாத்திரை சாப்பிட்டால் உடம்பு ஊதிவிடும் என்றாள் ஒருத்தி. ஊசி போட்டுக்கொண்டால் தீட்டு வெளியே வராமல் உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகும் என்றாள் இன்னொருத்தி. கர்ப்பப்பையில் வைக்கிற காப்பர் டி மெல்ல மெல்ல நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றார் பின் சீட்டு அக்கா. பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு எல்லா வழியும் அடைபட்டது போல் இருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் பொறுமைசாலி. என்னையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பஸ்ஸில் கேட்டது எதுவும் நிஜமில்லை என்றார். ஆண்களுக்குச் செய்கிற ஆபரேஷன் இன்னும் சுலபம் என்று அவர் சொன்னதும், வண்டியை வெயிலில் விட்டுவிட்டேன் என்று வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் தூக்குகிறவர். தூக்குகிற பலம் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

கடைசியில் செம்புக் கம்பி சுற்றிய அந்தக் காப்பர் டியைப் போட்டுக்கொண்டேன். மாத்திரையைப் போல நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், ஆபரேஷனைப் போல நாள்கணக்கில் லீவு போட வேண்டாம். எல்லாவற்றையும்விட, வெளியே யாருக்கும் தெரியாது.

எங்கள் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் ஒரு மெஷினுக்குள் விடுவார்கள். தையல் ஊசி உடைந்து அதன் துண்டு தோலுக்குள் மாட்டியிருந்தால் அந்த மெஷின் கத்தும். நாங்கள் அதை ஊசி மெஷின் என்போம். நான் காப்பர் டி போட்டுக்கொண்ட மறுவாரம் அந்த மெஷினைப் பார்க்கிற பெண் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர்.

“ஹேர்பின், சேஃப்டி பின் எல்லாம் கழட்டி வச்சிட்டு வாங்கக்கா. ஒடம்புல ஒரு கம்பி கூட இருக்கக் கூடாது.”

என்னால் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள். என்னவென்று சொல்வது? தலையில் இருந்த பின்னையும் புடவையில் குத்தியிருந்ததையும் கழற்றி வைத்துவிட்டு, வயிறு படாமல் எட்டி நின்றுகொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெஷின் கத்தியது. தோலை உள்ளே இழுத்துப் போகும் பெல்ட் நின்றது. லைனில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாக்கா, எல்லாத்தையும் கழட்டினீங்களா இல்லையா?” என்றார் சூப்பர்வைசர்.

பக்கத்து மெஷின்காரி வந்து என் கொண்டையைத் தடவிப் பார்த்தாள். அதே தோலைத் திருப்பி உள்ளே விட்டார்கள், மறுபடியும் கத்தியது. அதைப் பிரித்துப் பார்த்ததில் தையலுக்கு அடியில் ஊசியின் முனை இருந்தது. சரி, வேலையைப் பாருங்கள் என்று எல்லாரும் போய்விட்டார்கள்.

என் மனசு சமாதானம் ஆகவில்லை. இரண்டு தடவையும் நான்தானே அங்கே நின்றேன்? ஊசிக்காகக் கத்தியதா, எனக்காகக் கத்தியதா? அடுத்த தடவை தோலைப் பிரித்து ஒன்றும் கிடைக்காவிட்டால் என்னைத்தானே பார்ப்பார்கள்?

மறுநாள் அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு சிஸ்டரிடம் போனேன். எடுத்துவிடுங்கள் என்றேன். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்த மெஷினைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. ஆனா அதுக்குள்ள தோலுதானே போவுது? நீ போறதில்லையே.”

“எடுத்துடுங்க சிஸ்டர்.”

“எடுக்கறேன். ஒரு நிமிஷ வேலை. இன்னிக்கு ராத்திரிக்கு இன்னா பண்ணுவ?”

நிற்காத ரத்தமும் டாக்டரம்மா கூப்பிட்ட குரலும் நினைவுக்கு வந்தன. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. காப்பர் டி நகர்ந்து எங்கேயாவது போயிருக்குமோ என்ற பயமும் இருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். உள்ளே அதன் நூல் இருக்கும், கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு நீயே தொட்டுப் பார் என்று பாத்ரூமைக் காட்டினார்.

இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆனாலும் என் உடம்பை நானே அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. தாழ்ப்பாளைப் போட்ட பிறகும் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு விரல் நுனியில் மெல்லிசாக, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று பட்டது. அது எங்கும் நகராமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

வெளியே வந்தேன். சிஸ்டர் கையுறையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எடுக்கட்டுமா?”

“வேணாம் சிஸ்டர்” என்றேன். மீதி அரைநாள் வேலைக்குக் கம்பெனி போக பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.