போனில் சொல்லாத சாவு

நான் செத்தால், செத்துட்டார் என்றே போனில் சொல்ல வேண்டும். வீட்டில் இதைச் சொன்னால் என் மனைவி வாயைக் கழுவச் சொல்கிறாள். எங்கள் ஊர்ப் பக்கம் வெளியூரில் இருக்கும் பெண்ணுக்குச் சாவைச் சொல்ல மாட்டார்கள். ‘சீரியஸா இருக்குது, கிளம்பி வா’ என்றுதான் தகவல் போகும். வழியில் அழுது மயங்கி விழுந்துவிடுவாளாம். எதிர்வீட்டு அண்ணன் இறந்த நாள் வரைக்கும் நானும் இதை நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அண்ணன் ஆயுசு முழுக்க மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர். காலையில் டீ குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய், கண் காய்ந்துவிடக் கூடாதென்று முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினேன். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். என் இடது கண்ணில் இருப்பது முகம் தெரியாத ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கருவிழி. அதனால் யார் இறந்தாலும் போய்க் கண் தானம் கேட்பேன். சாவு வீட்டில் என்னைக் கண்டாலே, கண் கேட்க வந்துட்டார் என்று ஒதுங்குவார்கள். ஒதுங்கட்டும்.

அண்ணன் மகனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். உப்பு வெளிச்சத்தில் வெந்த கண், புரை ஆபரேஷன் வேறு செய்தது, யாருக்கு ஆகும் என்றான். கருவிழி நன்றாக இருந்தால் போதும், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், முகம் கெடாது என்றேன். வீட்டார் சரி என்றால் புதுச்சேரி கண் வங்கியிலிருந்து வரத் தயாராக இருந்தார்கள்.

“தங்கச்சி வரட்டும் சித்தப்பா. அவளைக் கேக்காம கண்ணை எடுத்தா என்னை சும்மா விடமாட்டா.”

அவள் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனில் கேளேன்பா என்றேன். எப்படிக் கேட்பான்? அவளைப் பொறுத்தவரை அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறாரே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பேசுகிறேன் என்று போனை எடுத்தால், அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஐஸ் பெட்டி வந்தது. பந்தல்காரர் வந்தார், மேளம் வந்தது. எதற்கும் யாரும் யாரையும் கேட்கவில்லை. கண்ணுக்கு மட்டும் ஆயிரம் யோசனை. பெட்டியை மூடும் வரை பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் புதுச்சேரிக்காரர்களே போன் செய்து, இனி வந்து பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் வந்தாள். பெட்டிமேல் விழுந்து அழுதாள். கண்ணாடி வழியே பஞ்சைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“கண்ணைக் கொடுத்துட்டீங்களா சித்தப்பா?”

இல்லையம்மா என்றேன். அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கொடுக்கணும்னு எங்கிட்ட சொல்லியிருந்தாரே. உங்ககிட்ட சொன்னா அன்னிக்கே ஃபார்மோட வந்து நிப்பீங்கன்னு சிரிப்பாரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? வழி பூரா போனைக் கையிலயேதான் வச்சிருந்தேன்.”