மகாராஜாவுக்கு முகம் தெரியாது

கடைத்தெருவில் அந்தத் தையல்காரருக்கு மகாராஜா என்று பட்டப்பெயர். எதிரே வருகிறவர் சிரித்தாலும் கண்டுகொள்ளாமல் போவார். தலைக்கனம் பிடித்த மனிதர் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. தெருவுக்கு முடிவு கட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்? உண்மையில் அவருக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. குரல் கேட்டால் தெரியும், நடை தெரியும், ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதைவிட நன்றாகத் தெரியும். அதை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார். யாரிடமும் சொன்னதில்லை. திமிர் பிடித்தவன் என்றால் ஒரு மரியாதையாவது மிஞ்சும், மூளை சரியில்லை என்றால் என்ன மிஞ்சும் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணத்தில்தான் தங்கையைத் தொலைத்தார்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், நோயில் படுத்து எழுந்து, அண்ணனைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் கடைக்கு வந்தாள். விளையாட்டுக்காரி. அண்ணன் திகைக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். நோய் அவள் தோளில் பாதியையும் பழைய நடையையும் தின்றிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கம்மா. அளவுக்குப் பழைய சட்டை ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

"என்ன மகாராஜா, கூடப் பிறந்தவளையே வாசலோட அனுப்பிட்டீங்க?" என்று பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார். நோய் தள்ளிப்போடவில்லை, அந்த வருடமே அவளைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு ஒரு நாள், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த வாடிக்கையாளர் ஒருத்தியிடம், அவள் துணியையே கொடுக்க மறுத்து மாட்டிக்கொண்டார். மூளையை ஆராய்கிற பெண் அவள். கோபப்படாமல் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரச் சொன்னாள். கணினித் திரையில் முகங்கள் வந்து வந்து போயின. பார்த்த முகமா, பார்க்காத முகமா என்று சொல்ல வேண்டும். முடியையும் காதையும் மறைத்துக் காட்டிய தன் படத்தையே அவர் பார்க்காத முகம் என்றார்.

"சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும் சார். உங்க மேல தப்பே இல்ல," என்றாள் அந்தப் பெண்.

மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முகம் தெரியாதது தப்பில்லை, சரி. வாயை மூடிக்கொண்டிருந்தது?

தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கேட்டு முடித்த மாப்பிள்ளை சொன்னார்:

"நோயாளி நம்ம தலையில விழுந்துடுவாளோன்னு அண்ணன் பயந்துட்டார்னு கடைசி வரைக்கும் நினைச்சா மச்சான். 'யாரும்மா நீ, தெரியலையே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

சுவரில் ஒரு பழைய குடும்பப் படம். நாலைந்து பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். படத்துக்குக் குரல் ஏது, நடை ஏது? இத்தனை நாளும் அதைப் பார்த்து, தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருவார். அன்று எழுந்து கிட்டே போய் நின்றார்.

"இதுல அவ யாரு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அவர் விரலைப் பிடித்து, ஓரத்தில் இருந்த ஒரு முகத்தின் மேல் வைத்தார்.