கூரை இல்லாத வீட்டை ஸ்ரெல்லா பிடித்த கதை

கல்யாணம் கட்டி நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டுக்குக் கூரை இல்லை!

(பகிடி இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம்தான்.)

எண்பதாம் ஆண்டு. கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு வேலை. எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்தவன் நான். பெற்றவர்கள் இல்லை.

மனைவி ஸ்ரெல்லா முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. கிறிஸ்தவம், வேதக்காரக் குடும்பம். அப்பா கடற்தொழில். நான் சைவம், அதுவும் தோட்டத்துப் பெடியன். அவருக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து மகளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

முரசுமோட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். ஸ்ரெல்லாவுக்கு ஆறு மாதம். அவர்களுக்கே அந்த வீடு காணாது. மாரி மழை தொடங்க முன்னர் தனியாக ஒரு வீடு வேண்டும்.

பார்க்கப் போன முதல் வீடு. நல்ல கல்வீடு, கிணறும் பக்கத்தில். வீட்டுக்காரர் சந்தோஷமாகத்தான் கதைத்தார்.

"மில்லிலதானே வேலை தம்பி?"

"ஆமாங்க" என்றேன்.

அவ்வளவுதான்! "ஓம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"தம்பி மலைநாட்டுப் பக்கமோ?" என்றார். பிறகு திடீரென்று அவருடைய தமையன் மகன் அந்த வீட்டுக்கு வருவதாக இருந்தது.

வெளியே வந்ததும் ஸ்ரெல்லா சொன்னாள்: "அடுத்த வீட்டில நீங்க வாய் திறக்கப்படாது. நான் கதைக்கிறன்."

இரண்டாவது வீட்டில் அவள்தான் கதைத்தாள். வீட்டுக்கார அம்மா அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்.

"எங்கட வளவுக்க மீன் மச்சம் காய்ச்சேலாது பிள்ளை."

கடற்கரைப் பிள்ளைக்கு மீன் இல்லாமல் சோறு இறங்குமா? இருந்தும் அவள் தலையாட்டப் போனாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது ஒரு அறையும் குசினியும். வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் கேட்டது வேறு.

"உங்கட பக்கத்தில பெரியாக்கள் ஒருத்தர் வந்து கதைக்கட்டும். அப்ப வீட்டுத் திறப்பைத் தாறன்."

எங்களுக்காக யார் வருவார்? சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்து ஸ்ரெல்லா அழுகிறாள் என்பது முதுகில் தெரிந்தது.

நாலாவது வீட்டுக்கு நம்பிக்கை இல்லாமல்தான் போனோம். நாகம்மா அக்கா என்று ஒருவர். வயல் செய்கிறவர், தனி மனுஷி. தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்வீடு கட்டியிருந்தார். பழைய தென்னோலைக் கிடுகைக் கறையான் தின்றுவிட்டதால் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார். புதிதாக வேய இன்னும் கிடுகு கிடைக்கவில்லை.

எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தார்.

"முதல்ல இதில இரு பிள்ளை. வயித்தோட நிக்கிறாய். வீடு எங்கயும் ஓடாது."

ஸ்ரெல்லா இருந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வீட்டை எடுப்பம்" என்றாள்.

"மேல ஒண்ணுமே இல்லையே ஸ்ரெல்லா!"

"மூண்டு வீடு பாத்தனாங்கள். இரு எண்டு என்னை ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் தலையாட்டிவிட்டேன்.

நாகம்மா அக்கா கதையோடு கதையாக அவளுடைய ஊரையும் அப்பாவின் பெயரையும் கேட்டுவைத்துக்கொண்டார். எதற்கு என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மறுநாள் முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் அவர் ஒரு சேதி சொல்லி விட்டிருக்கிறார்.

"உன்ர மகளுக்கு ஆறு மாசம். தலைக்கு மேல கூரை இல்லை. கிடுகு இருந்தாக் கொண்டு வா."

அடுத்த ஞாயிறு. வளவைத் துப்புரவாக்க நாங்கள் வந்து நிற்கிறோம். கிடுகு நிறைந்த ஒரு உழவு இயந்திரம் வளவுப் படலையில் வந்து நின்றது. கிடுகுக் கட்டுகளுக்கு மேல் ஸ்ரெல்லாவின் அப்பா!

இறங்கினார். மகளுக்குக் கிட்ட வந்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டனியோ?"

அவ்வளவுதான் கேட்டார். அவள் "அப்பா" என்று அவர் தோளில் விழுந்துவிட்டாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிடுகை இறக்கத் தொடங்கினேன்.

என்னை அவர் பார்க்கவே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைச் சட்டத்தில் ஏறினார். நானும் மற்றப் பக்கத்தால் ஏறினேன். அவர் ஒரு பக்கம் கட்டிவர, நான் மறுபக்கம் கட்டி வந்தேன். (மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவனுக்குக் கிடுகு வேயத் தெரியுமா? அவரைப் பார்த்துப் பார்த்துத்தான்!)

காலை முழுக்கப் பேச்சில்லை. வெயில் ஏற ஏற இருவரும் முகட்டில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். அவர் கையை நீட்டினார்.

"கயிறு."

கொடுத்தேன்.

கீழே நாகம்மா அக்கா சோறு காய்ச்ச, ஸ்ரெல்லா அப்பா கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்தாள். புதுக்கூரைக்குக் கீழே பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. நல்ல மழை!

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. ஸ்ரெல்லா சிரித்தாள்.

டொக்!

என் சோற்றுக் கோப்பைக்குள் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

அவளுடைய அப்பா சாப்பாட்டை நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மருமோன், அந்த இடம் நீர் கட்டினதோ?"

நாகம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நான் "ஓம் மாமா" என்றேன். மழைத் தண்ணீர் விழுந்த சோற்றை அப்படியே அள்ளிச் சாப்பிட்டேன்.

உங்கள் வீட்டில் 'மருமோன்', 'மருமோள்' என்று முதல் தரம் கூப்பிட்டது எப்போது? கீழே எழுதுங்கோ, வாசிக்க ஆசை!