என் படத்துக்குக் கீழே என் சாவுச் செய்தி

நான் மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள். மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் எனக்கு முடியெல்லாம் கொட்டியிருந்த சமயம், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அறக்கட்டளை என்று சொல்லி இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"முக்காட்டை எடுங்க, ஆராய்ச்சிக்குப் படம் வேணும். டாக்டருங்க மட்டும்தான் பாப்பாங்க" என்றார்கள்.

அந்நிய ஆண்கள் முன்னால் நான் முக்காடில்லாமல் நின்றதே இல்லை. வந்தது பெண்கள்தானே, நாலு பேருக்கு மருந்து கிடைக்கட்டுமே என்று எடுத்தேன்.

சென்ற மாதம் சவூதியிலிருந்து தம்பி போன் செய்தான். "சொல்லுலே" என்றதும் ஓவென்று அழுதான்.

"லாத்தா, நீ உசுரோடதான் இருக்கியா?"

"ஏலே, செத்தவளா போன எடுத்துப் பேசுதா?"

என் மொட்டைத் தலைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். 'மருந்தில்லாமல் மவுத்தான இந்தச் சகோதரியை நினைத்து ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்' என்று போட்டிருக்கிறார்களாம். அவனோடு தங்கியிருப்பவர்கள் எனக்காக துஆ கேட்டு, பணமும் அனுப்பிவிட்டார்கள்.

பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினேன்.

"நாங்க யாரையும் அனுப்பலம்மா. ஆராய்ச்சின்னா நாங்களே விளக்கிச் சொல்லித்தான் உங்க சம்மதம் கேப்போம்" என்றார் டாக்டர்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். எத்தனை ஆண்கள் என் தலையைப் பார்த்திருப்பார்களோ. நோய்கூட என்னை இப்படிக் கேவலப்படுத்தவில்லை.

இப்போது அறக்கட்டளை என்று யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, முதலில் அவர்களை நான் படம் எடுக்கிறேன். நேற்று வந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.