கடைசி பெஞ்சில் மேடம் தூக்கிய கை

மூட்டுவலித் தைலத்தின் வாசனை குப்பென்று வந்தால், மேடம் வகுப்புக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம்...

தாம்பரத்தில் நான் பி.எட். படித்த காலம். ரயில் பாதையை ஒட்டி வகுப்பறை. எலெக்ட்ரிக் ட்ரெயின் ஹார்ன் அடித்தால் பாடம் அரை நிமிடம் நிற்கும்.

மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. பத்து நிமிடம் நாம் டீச்சர், கூடப் படிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மற்ற பேராசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் மேடம், ரிட்டயர்மென்ட் நெருங்கிய வயதில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் நுழைந்து உட்காருவார். உட்கார்ந்ததும் ஆறாங்கிளாஸ் பெண்ணாகிவிடுவார். பென்சிலைக் கடிப்பார். ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்ப்பார்.

"நாளைக்கு உங்க முன்னாடி உக்காரப்போறது இவதாம்ப்பா" என்பார்.

என் முறை வந்தது. பின்னக் கூட்டல். இரண்டு நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஆறில் ஐந்து என்று போர்டில் எழுதித் திரும்பினால்... கடைசி பெஞ்சில் ஒரு கை.

"சார்... மேல இருக்கறதை மேலயும் கீழ இருக்கறதை கீழயும் கூட்டினா அஞ்சுல ரெண்டு வருது சார். அது ஏன் தப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒத்திகையில் இந்தக் கேள்வியே இல்லை. பதிலும் தெரியாது, அதுதான் உண்மை.

"இதுகூடத் தெரியாம எப்படிம்மா ஆறாங்கிளாஸ் வந்த?" என்றேன்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ஒரே பெருமை. மேடம் மெல்லக் கையை இறக்கினார். மீதி நேரம் முழுக்க அந்தக் கை மேலே வரவே இல்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது, எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினார்.

என் ரெக்கார்ட் நோட்டில் அவர் எழுதியது: 'குரல் நன்று. போர்டு வேலை நன்று. கடைசி பெஞ்ச் பெண் இனிமேல் கேட்க மாட்டாள்.'

அதைக் கேன்டீனில் எல்லோருக்கும் காட்டி, "ஓவர் ஆக்டிங் மச்சான்!" என்று சிரித்தேனே... எனக்கு அப்போது அவ்வளவு கொழுப்பு.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். என் வகுப்பில் சத்தமே இருக்காது. அதற்காகப் பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

போன பொங்கல் கூட்டத்தில், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அதே தைல வாசனை. திரும்பினால் மேடம்! கையில் ஊன்றுகோல். சம்பளம், குடும்பம் எதுவும் கேட்கவில்லை.

"உன் கிளாஸ்ல பசங்க கை தூக்குறாங்களாப்பா?"

"எல்லாரும் தூக்குறாங்க மேடம்."

வாய் கூசாமல் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம், "என் ஸ்டூடண்ட்ங்க!" என்று என் தோளைத் தட்டினார். அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பஸ் ஏறும் முன் போன் நம்பரும் கொடுத்தார்.

லீவு முடிந்து ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் ரிவிஷன்.

"டவுட் இருந்தா கேளுங்கப்பா..." இந்த முறை நிஜமாகவே கேட்டேன்.

"நோ டவுட் சார்!" என்று ஒரே கோரஸ்.

மதியம் நோட்டுகளைத் திருத்தினேன். அதே அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டும் கணக்கு. பதினோரு நோட்டில் விடை ஐந்தில் இரண்டு.

பதினோரு பேர்... ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு முட்டி வலியோடு ஒருவராவது என்னிடம் கேட்டார்.

மேடத்தின் நம்பர் போனில் இருக்கிறது. "பொய் சொல்லிட்டேன் மேடம்" என்று சொல்ல வேண்டும். தினமும் எடுக்கிறேன்... வைத்துவிடுகிறேன்.