முருங்கைப் போத்தும் என் கைராசியும்

ஜெர்மனியில் காலையில் வேலைக்குக் கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது பக்கத்து வீட்டு அம்மாளின் கையிலிருக்கும் பைதான். நாயின் சூடான பீயை அதில் முடிந்து, ஆட்டிக்கொண்டே எனக்கு வணக்கம் சொல்வார். கருமம், நாயோடு வாயோடு வாய் முத்தம் வேறு. இத்தனை வருஷமாகியும் அதைப் பார்த்தால் குடித்த காபி தொண்டைக்கு வருகிறது. அந்த அம்மாள்தான் போன வசந்தத்தில் என் பால்கனியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "ஏகல்ஹாஃப்ட்" என்றார். அருவருப்பாக இருக்கிறதாம்!

நான் செய்தது இவ்வளவுதான். கூட வேலை செய்யும் பெண் கொடுத்த அத்திக் கிளையைத் தொட்டியில் நட்டு, வெட்டிய நுனி காயாமலிருக்கச் சாணி வைத்திருந்தேன். கடையில் உருண்டையாக விற்கிற காய்ந்த சாணி. ஊறவைத்துக் கரண்டியால் அப்பியது. மரத்துக்கு மருந்து என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, எங்கள் கக்கூஸ் அடைத்துக்கொண்டது என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லிவிட்டார். மனுஷன் ஸ்பானரோடு வந்து வாசலில் நின்றார். மானமே போயிற்று. எங்கள் விருத்தாசலத்தில் சாணிக்கு எவள் மூக்கைப் பொத்துகிறாள் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அங்கே எனக்குக் கைராசிக்காரி என்று பேர். நடுவதற்காக வெட்டும் கிளையைப் போத்து என்போம். நான் நட்ட போத்து, பூவரசானாலும் முருங்கையானாலும், பட்டுப்போனதில்லை. பெண்ணாடத்துச் சித்திகூட என்னை பஸ் ஏற்றி வரவழைத்து நடச் சொல்வாள்.

ஆடியில் லீவில் ஊருக்குப் போனேன். தம்பி செல்வம் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கிறான். தொழிற்பேட்டையைத் தாண்டிப் புது வீடு கட்டியிருக்கிறான். அவன் வைத்த முருங்கையெல்லாம் அழுகிப்போய், அக்கா வந்துதான் நட வேண்டும் என்று குழியெடுத்து, போத்தும் வெட்டி வைத்திருந்தான். ஓரம் உடைந்து கம்பெனியில் கழித்த பீங்கான் கிண்ணத்தில், பசு அப்போதுதான் போட்ட சாணி. ஆவி பறந்தது, ஈ மொய்த்தது. வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எதையும் தொடுவதற்கு முன்பே, முதியோர் இல்ல வேலைக்கு நான் வைத்திருக்கும் கையுறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கிண்டலடிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உன் கை பட்டா துளிர்க்கும்னுதான்க்கா இம்மா நாளா காத்திருந்தேன். கையையே மூடிக்கிட்டியே."

கழற்றுகிறேன் என்றேன். வேண்டாம், உனக்கு ஒத்துக்காது, தள்ளிக்கோ என்று அவனே போத்தை நட்டு, அவனே சாணியை வழித்து அப்பினான். நான் கையுறை மாட்டிய கையோடு மருத்துவமனையில் நிற்பவள் மாதிரி நின்றேன். சாணியின்மேல் வந்த அருவருப்பு அப்படியே என்மேல் திரும்பியது.

போன வாரம் போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"துளிர்த்துடுச்சுக்கா. அக்கா கைராசின்னு வூட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்."

ஆமாண்டா என்றேன். வேறென்ன சொல்ல? விருத்தாசலத்தில் என் பேரைச் சொல்லி ஒரு முருங்கை வளர்கிறது. அதை நான் தொட்டதே இல்லை.