வேலையில் சேர்ந்த அன்றே ராஜினாமா

சின்னக் கடைக்காரர்களுக்குத் தொழிலாளர் சட்டத்தைப் புரியவைப்பது என் பிழைப்பு. இன்று கேளம்பாக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், ஆட்களின் ஃபைல்களைப் பார்த்தேன்.

ஏழு பேர். ஏழு ஃபைலிலும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம். வேலையில் சேரும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுவாராம் முதலாளி.

"அல்லா கடையிலயும் இப்டிதாம்மா. நாளைக்கு எவனா கேஸு போட்டா, தேதிய போட்டு அவனே வுட்டுட்டு போனான்னு காட்டிக்கலாம், நமக்கு சேஃப்டி."

ஏழிலும் அவரே எழுதிய ஒரே காரணம்: "எனக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளதால்."

பேரன் பேத்தி எடுத்த வாட்ச்மேனுக்கும் அதேதான். கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"இன்னா மொதலாளி, எனக்குக் கல்யாணமா? வூட்ல தெரிஞ்சா தொடப்பக்கட்டதான்!"

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது கோர்ட்ல நிக்காது சார். உங்களத்தான் மாட்டிவுடும்" என்று சொல்லி, ஏழு கடிதத்தையும் அவரவர் கையிலேயே கொடுத்தேன். ஏழு பேரும் அங்கேயே கிழித்தார்கள்.

"நீ யாருக்கும்மா வேல செய்யற? இனிமே இந்தப் பக்கம் வராத!"

"அத எழுதிக் குடுங்க சார். தேதி போடுங்க. காரணம் மட்டும் கல்யாணம்னு வேணாம், எனக்கு ஆயிடுச்சி."

உங்களுக்கும் ஏதாவது ஒரு ஃபைலில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கலாம். முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.